சீரற்ற புலத்தின் பிடி

நுண்ணுயிர் வேட்டை: பகுதி 17

1966-ஆம் ஆண்டு 'சயன்ஸ்' இதழில் மூன்றே பக்கத்தில் ஒரு கட்டுரை வெளிவந்தது. எழுதியவர்கள் இருவர்: அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹெர்பர்ட் போஹ்ல், அவருடன் ஐரா ஹாக். நீரில் மிதக்கும் ஈஸ்ட் செல்கள். அவற்றில் சில உயிருள்ளவை, சில இறந்தவை. நீருக்குள் கூர்முனை கொண்ட ஒரு மின்வாய். நொடிக்குப் பல லட்சம் முறை திசை மாறும் மின்னழுத்தத்தை அதில் ஏற்றியதும் உயிருள்ள செல்கள் அந்தக் கூர்முனையை நோக்கி நகர்ந்து ஒட்டிக்கொண்டன. இறந்தவை ஒட்டவில்லை. உயிர் இருக்கிறதா இல்லையா என்பதை வெறும் மின்புலம் பிரித்துக் காட்டிவிட்டது.

கோஹ் பாக்டீரியாவைத் தட்டில் வளர்த்த கதையையும் கிராம் அதற்குச் சாயமேற்றிய கதையையும் முந்தைய பகுதிகளில் பார்த்தோம். அந்த முறைகளில் நுண்ணுயிர் ஒன்று பெருகியாக வேண்டும், இல்லையேல் சாக வேண்டும். பெருகுவதற்கு மணிக்கணக்கில், சில வேளை நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். செத்த பிறகு அதை வளர்க்கவும் முடியாது, எந்த மருந்துக்குப் பணியும் என்று சோதிக்கவும் முடியாது. ஓடும் திரவத்திலிருந்து ஒரு பாக்டீரியாவை உயிரோடு பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தி, வேண்டியபோது விடுவிப்பது வேறு வகை வேலை. அந்த வேலையை மின்புலம் கற்றுக்கொண்ட வரலாறுதான் இந்தப் பகுதி.

மின்சாரத்தால் துகள்களை நகர்த்தலாம் என்பது 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தெரிந்திருந்தது. மாஸ்கோவில் ஃபெர்டினாண்ட் ரியூஸ் ஈரக் களிமண்ணில் இரண்டு கண்ணாடிக் குழாய்களைச் செருகி, நீர் ஊற்றி, மின்கல அடுக்கை இணைத்துப் பார்த்தார். நேர்முனை இருந்த குழாயில் களிமண் துகள்கள் கலங்கி எழுந்தன. எதிர்முனை இருந்த குழாயில் நீர்மட்டம் உயர்ந்தது. துகள் ஒரு பக்கம், நீர் மறுபக்கம். 1809-ல் வெளியான இந்த இரட்டை நகர்வை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு இது திரும்பி வந்து ஒரு பெரிய கணக்கையே மாற்றிப்போடப் போகிறது.

ரியூஸ் கண்டது மின்னூட்டம் ஏறிய துகளின் நகர்வு. பாக்டீரியாவின் மேற்பரப்பிலும் பெரும்பாலும் எதிர் மின்னூட்டம்தான் இருக்கிறது. ஆகவே அதுவும் நேர்முனையை நோக்கிப் போகும். ஆனால் இரத்தச் சிவப்பணுவும் அப்படியே போகும், களிமண்ணும் போகும். ஒரே திசையில் எல்லாம் போகும்போது வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுப்பது கடினம். அதோடு, உப்பு கலந்த நீரில் நேர்திசை மின்னோட்டத்தைச் செலுத்தினால் நீர் பிரிந்து மின்வாய்களில் குமிழிகள் கிளம்பும். ஒரு முனையில் அமிலமும் மறுமுனையில் காரமும் சேரும். உயிருள்ள செல்லுக்கு அது ஆகாது. மாறுதிசை மின்னோட்டத்துக்கு மாறினால் குமிழித் தொல்லை குறையும். ஆனால் அப்போது மின்னூட்டம் உள்ள துகள் முன்னும் பின்னும் அதிர்ந்து, கடைசியில் இருந்த இடத்திலேயே இருக்கும்.

போஹ்ல் கையாண்ட விசைக்கு மின்னூட்டமே தேவையில்லை. மின்னூட்டமற்ற ஒரு சிறு உருண்டையை மின்புலத்தில் வைத்தால் அதன் ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் எதிராகவும் முனைவாக்கம் பெறும். புலம் எங்கும் ஒரே சீராக இருந்தால் இரு பக்க இழுப்புகளும் சமமாகி உருண்டை நகராது. புலம் ஓரிடத்தில் அடர்ந்தும் இன்னோரிடத்தில் தளர்ந்தும் இருந்தால் சமநிலை குலையும். அடர்ந்த புலத்தில் இருக்கும் பக்கத்துக்கு இழுப்பு அதிகம். உருண்டை அந்தப் பக்கம் நகரும். இப்போது மின்னழுத்தத்தைத் திருப்பிப் போடுங்கள். புலமும் திரும்பும், உருண்டையின் முனைகளும் இடம் மாறும். இரண்டும் சேர்ந்து மாறுவதால் இழுப்பின் திசை மட்டும் மாறாது. நொடிக்குப் பத்து லட்சம் முறை திருப்பினாலும் உருண்டை அடர்ந்த புலத்தை நோக்கியே போய்க்கொண்டிருக்கும். சுற்றியுள்ள திரவம் உருண்டையைவிட எளிதாக முனைவாக்கம் பெறுமானால் எல்லாம் தலைகீழாகி, உருண்டை தளர்ந்த புலத்துக்குத் தள்ளப்படும். இழுப்பு, தள்ளல் இரண்டும் ஒரே விசையின் இரு முகங்கள்.

இந்த விசைக்கு டைஎலெக்ட்ரோபோரெசிஸ் என்று 1951-ல் பெயரிட்டவர் போஹ்ல்தான். அப்போது அவர் மனத்தில் உயிரணு எதுவும் இல்லை. பிவிசி பிளாஸ்டிக்கில் கலந்திருக்கும் கரித்தூளைப் பிரித்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான். பிளாஸ்டிக்கைக் கரைப்பானில் கரைத்து, உருளை வடிவக் கலத்தின் நடுவே மெல்லிய கம்பியை வைத்து உயர் மின்னழுத்தம் கொடுத்தால், கம்பிக்கு அருகே புலம் அடர்ந்தும் விளிம்பில் தளர்ந்தும் இருக்கும். கரித்தூள் நடுவே வந்து சேரும். தொழிற்சாலைச் சிக்கல் ஒன்றுக்குத் தேடிய வழி, பதினைந்து ஆண்டுகளில் உயிரையும் சாவையும் பிரிக்கும் கருவியாக மாறியது.

இந்த விளைவை அவருக்கு முன்னும் பலர் கண்டிருக்கிறார்கள். எலிசபெத் அரசி காலத்து மருத்துவர் வில்லியம் கில்பர்ட் 1600-ல் வெளியிட்ட காந்தவியல் நூலிலேயே, தேய்த்த அம்பரை உலர்ந்த பரப்பில் இருக்கும் நீர்த்துளிக்கு அருகே கொண்டுபோனால் துளி கூம்பாக எழும்புவதைக் குறித்திருக்கிறார். 1927-ல் மூட் என்ற ஆய்வாளர், உயர் அதிர்வெண் மின்புலத்தில் கொழுப்புத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி முத்துக் கோத்ததைப் போல வரிசையாக நிற்பதைக் கண்டார். அதனாலேயே துறையில் இன்றும் அதற்கு 'முத்துச்சரம்' என்றே பெயர். பிறகு இரத்த அணுக்களிலும் அதைப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் இருந்தார்கள். விசையைத் தனியாகப் பிரித்து, பெயர் சூட்டி, கணக்கெழுதி, வேலைக்கு அனுப்பியவர் போஹ்ல். 1978-ல் கேம்பிரிட்ஜ் பதிப்பகம் வெளியிட்ட அவருடைய நூல் வெகுகாலம் இத்துறையின் அடிப்படை நூலாக இருந்தது.

உயிருள்ள செல்லும் இறந்த செல்லும் ஏன் வேறுபட்டு நகர்கின்றன? விடையின் பாதி, போஹ்லுக்கு நாற்பது ஆண்டுகள் முன்பே கிடைத்திருந்தது. 1925-ல் ஹ்யூகோ ஃபிரிக்கே இரத்தச் சிவப்பணுக்களின் மின்தேக்குத் திறனை அளந்து, செல்லைச் சுற்றியுள்ள சவ்வின் தடிமன் சுமார் 3.3 நானோமீட்டர் என்று கணக்கிட்டார். சவ்வைக் கண்ணால் காட்டக்கூடிய எலக்ட்ரான் நுண்ணோக்கி அப்போது கிடையாது. வெளியிலிருந்து மின் அளவுகளை மட்டும் வைத்து, கண்ணுக்கும் நுண்ணோக்கிக்கும் எட்டாத ஓர் உறையின் தடிமனைச் சொல்லிவிட்டார் என்பது எனக்கு இன்றும் பிரமிப்பூட்டுகிறது.

அந்தச் சவ்வு ஒரு மின்காப்புப் படலம். குறைந்த அதிர்வெண்ணில் அது புலத்தை உள்ளே விடாது. அதிர்வெண்ணைக் கூட்டக் கூட்டப் புலம் சவ்வைக் கடந்து உள்ளே இறங்கும். உள்ளே இருப்பது உப்பு நிறைந்த, நன்றாக மின்கடத்தும் செல்நீர். உப்புக் குறைந்த நீரில் மிதக்கும் உயிருள்ள செல், அந்த அதிர்வெண்ணில் சுற்றியுள்ள நீரைவிட நன்றாக முனைவாக்கம் பெறுகிறது. அடர்ந்த புலத்துக்கு இழுக்கப்படுகிறது. செல் இறந்தால் சவ்வில் ஓட்டை விழும். உள்ளிருந்த உப்பு கசிந்து வெளியேறிவிடும். வெளிநீருக்கும் உள்நீருக்கும் வேறுபாடு குறைந்துவிட்டால் இழுக்கப் பிடிமானம் ஏது?

பாக்டீரியாவுக்கு இன்னொரு அடுக்கும் உண்டு: சவ்வுக்கு வெளியே செல் சுவர். ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் எட்வின் கார்ஸ்டென்சனும் அவர் குழுவினரும் 1965-ல் ஈ.கோலை, மைக்ரோகாக்கஸ் ஆகிய இரு பாக்டீரியாக்களின் மின்கடத்துத்திறனை அளந்து, அந்தச் சுவரே மின்னைக் கடத்துகிறது என்று காட்டினார்கள். கிராம் சாயம் ஏற்கும் பாக்டீரியாவுக்குச் சுவர் தடிமன் அதிகம், ஏற்காததற்கு மெல்லிய சுவரும் அதற்கு வெளியே இன்னொரு சவ்வும். கிராம் சாயத்தில் கண்ட அதே வேறுபாடு மின்புலத்திலும் தடம் பதிக்கிறது. எந்த அதிர்வெண்ணில் இழுப்பு தள்ளலாக மாறுகிறது என்று பார்த்தால், சாயம் இல்லாமலேயே எந்த வகைச் செல் என்று ஊகிக்க வழி பிறக்கிறது.

இவ்வளவும் 1966-க்குள் தெரிந்திருந்தும் பாக்டீரியாவைப் பிடிக்கும் சாதனம் உடனே வரவில்லை. காரணம் அளவு. இந்த விசை துகளின் ஆரத்தின் மும்மடியைப் பொறுத்தது. ஈஸ்ட் செல்லின் குறுக்களவு 5 மைக்ரோமீட்டர் என்றால், 1 மைக்ரோமீட்டர் பாக்டீரியாவின் மீது விசை 125-ல் ஒரு பங்காகிவிடும். திரவத்தின் எதிர்ப்பும் குறையும்தான், ஆனால் ஐந்தில் ஒரு பங்காக மட்டுமே. ஈஸ்ட்டை அழகாக இழுத்த ஊசிமுனை பாக்டீரியாவை ஏறெடுத்துப் பார்க்க வைக்கக்கூடத் தடுமாறும். மின்னழுத்தத்தைக் கூட்டலாமே என்றால் திரவம் சூடேறும், கொதிக்கும், செல் சாகும்.

மின்னழுத்தத்தைக் கூட்டாமல் மின்வாயைச் சுருக்குவதுதான் வழி. அதே மின்னழுத்தத்தில் மின்வாய்களின் அளவையும் இடைவெளியையும் 10 மடங்கு சுருக்கினால் விசை 1000 மடங்கு ஏறும். 1951-லேயே கணக்கு இதைச் சொல்லியிருக்கும். செய்து பார்க்கத்தான் கருவி இல்லை. கணினிச் சிப்புகளுக்காக வளர்ந்த ஒளிவழி அச்சுமுறை ஆய்வகங்களுக்கு எட்டிய பிறகுதான், கண்ணாடித் தகட்டின் மேல் சில மைக்ரோமீட்டர் அகலத்தில் தங்கப் பட்டைகளை வரைய முடிந்தது. ஒரு நல்ல கருத்து தனக்கேற்ற கைத்தொழிலுக்காகக் காத்துக்கிடந்த காலம் இது. போஹ்லின் ஊசிமுனைக்கும் பாக்டீரியாவுக்கும் நடுவே இருந்த இடைவெளியை நிரப்பியவர்கள் சிப் செய்யும் பொறியாளர்கள். அவர்களுக்கு ஈஸ்ட்டைப் பற்றியோ ஈ.கோலையைப் பற்றியோ கவலை இருந்திருக்க வாய்ப்பில்லை.

அந்தத் தங்கப் பட்டைகளை உயிரணுக்களுக்குப் பயன்படுத்துவதில் முன்னின்ற இடம் வட வேல்ஸில் கடலோரம் இருக்கும் பாங்கர் நகரப் பல்கலைக்கழகம். ரொனால்ட் பெத்திக்கும் அவருடைய குழுவினரும் 1980-களின் பிற்பாதியிலிருந்து அங்கே ஒரு பள்ளியையே உருவாக்கினார்கள். 1988-ல் அவர்கள் வெளியிட்ட முறை எளிமையானது. செல்கள் கலந்த நீரின் வழியே ஒளியைச் செலுத்துகிறார்கள். மின்வாய்களில் செல்கள் போய் ஒட்டிக்கொண்டால் நீர் தெளிகிறது, ஒளி கூடுதலாக வருகிறது. ஒளியின் மாற்றத்தைப் பார்த்து விசையை அளக்கிறார்கள். ஒவ்வொரு செல்லாக நுண்ணோக்கியில் எண்ணிக்கொண்டிருக்கத் தேவையில்லாமல், அதிர்வெண்ணைப் படிப்படியாக மாற்றிக்கொண்டே போய் வரைபடம் போட்டுவிடலாம்.

பாங்கரில் புகழ்பெற்ற மின்வாய் வடிவத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். கோட்டை மதிலின் உச்சியில் பல்வரிசை இருக்கும் அல்லவா, அந்த வடிவில் இரு தங்கப் பட்டைகள் எதிரெதிரே நிற்கின்றன. பல்லின் முனைகளில் புலம் அடர்த்தி, இரு பற்களுக்கு நடுவே உள்ள குடாவில் புலம் தளர்ச்சி. மேலே செல்கள் கலந்த நீர் மெல்ல ஓடுகிறது. மின்னழுத்தம் வந்ததும் இழுக்கப்படும் செல்கள் பல்முனைகளில் முத்துச்சரமாகக் கோத்துக்கொள்கின்றன. ஓட்டத்தை எதிர்த்து நிற்கின்றன. தள்ளப்படும் செல்கள் குடாக்களில் முக்கோணக் குவியலாகச் சேர்கின்றன. அவற்றுக்குப் பிடிமானம் குறைவு. ஓட்டத்தைச் சற்றுக் கூட்டினால் குவியல்கள் கலைந்து அடித்துக்கொண்டு போகும், சரங்கள் அப்படியே இருக்கும். பிறகு மின்சாரத்தை நிறுத்தினால் சரங்களும் அவிழ்ந்து, வேறு குழாய் வழியே தனியாக வெளியேறும். இந்தப் பாங்கில் கெரார்ட் மார்க்ஸும் பெத்திக்கும் சக ஆய்வாளர்களும் 1994-ல் உயிருள்ள ஈஸ்ட்டை இறந்த ஈஸ்ட்டிலிருந்தும், அதே ஆண்டில் ஒரு நுண்ணுயிர் வகையை இன்னொன்றிலிருந்தும் பிரித்துக் காட்டினார்கள்.

இந்தச் சோதனைகளில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. இழுப்பு வேலை செய்ய வேண்டுமானால் சுற்றியுள்ள நீர் செல்லைவிடக் குறைவாக மின்கடத்த வேண்டும். ஆகவே ஆய்வாளர்கள் உப்பைக் களைந்துவிட்டுச் சர்க்கரைக் கரைசலைப் பயன்படுத்துகிறார்கள். சர்க்கரை மின்னைக் கடத்தாது. ஆனால் செல் நீரை உறிஞ்சி வெடித்துவிடாமல் காக்கும். ஆய்வகத்தில் இது எளிது. இரத்தமும் எச்சிலும் சாக்கடை நீரும் சர்க்கரைத் தண்ணீராக நமக்குக் கிடைப்பதில்லை. இந்தச் சிக்கலைப் பின்னால் மறுபடி சந்திப்போம்.

1990-களில் இன்னொரு ஓடையும் வந்து கலந்தது. சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் ஆண்ட்ரியாஸ் மான்ஸும் அவருடைய சகாக்களும் 1990-ல் முழு வேதி ஆய்வகத்தையே ஒரு சிறு சில்லுக்குள் அடக்கலாம் என்ற கருத்தை முன்வைத்தார்கள். தலைமுடியின் பருமனுக்குள் அடங்கும் ஓடைகளில் திரவத்தை ஓட்டும் நுண்பாய்மச் சாதனங்கள் அதன்பின் பெருகின. 1998-ல் ஹார்வர்டின் ஜார்ஜ் வைட்ஸைட்ஸ் குழு, சிலிக்கோன் ரப்பரை அச்சில் வார்த்தே இந்த ஓடைகளைச் செய்யலாம் என்று காட்டியபின் செலவும் இறங்கியது. மின்வாய்ப் பட்டையும் நுண் ஓடையும் ஒரே சில்லில் சேர்ந்தன.

அவ்வாண்டில்தான் இந்த வரலாற்றின் துணிச்சலான சோதனை ஒன்று நடந்தது. கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் இருந்த நானோஜென் நிறுவனத்தில் ஜிங் செங், மைக்கேல் ஹெல்லர் முதலானோர் 25 பிளாட்டின மின்வாய்கள் கொண்ட சில்லில் மனித இரத்தத்தையும் ஈ.கோலை பாக்டீரியாவையும் கலந்து ஓட்டினார்கள். பாக்டீரியா மின்வாய்களின் மேல் வந்து ஒட்டியது. இரத்த அணுக்கள் மின்வாய்களுக்கு இடைப்பட்ட தளர்ந்த புலத்துக்கு ஒதுங்கின. அவற்றைக் கழுவி வெளியேற்றினார்கள். அடுத்து, பிடிபட்ட பாக்டீரியா மீது உயர் மின்னழுத்தத் துடிப்புகளைப் பாய்ச்சி அவற்றை உடைத்து, உள்ளிருந்த டிஎன்ஏ, ஆர்என்ஏ ஆகியவற்றை எடுத்து இன்னொரு சில்லில் அடையாளம் கண்டார்கள். பிடிப்பதற்கும் உடைப்பதற்கும் அடையாளம் காண்பதற்கும் மின்சாரம் ஒன்றே போதும் என்று காட்டிய வேலை அது.

ஜப்பானின் கியூஷூ பல்கலைக்கழகத்தில் ஜுன்யா சுவேஹிரோ வேறு கோணத்தில் யோசித்தார். மின்வாய்களுக்கு நடுவே பாக்டீரியா முத்துச்சரமாகக் கோத்துக்கொண்டால், அந்தச் சரமே மின்சாரம் செல்லும் பாலமாகிறது. எவ்வளவு பாக்டீரியா சேர்ந்ததோ அவ்வளவு மின்கடத்தல் ஏறும். நுண்ணோக்கியே வேண்டாம், மீட்டரைப் பார்த்து எண்ணிக்கை சொல்லிவிடலாம். 1999-ல் அவர் குழு வெளியிட்ட இந்த முறையிலிருந்து பானசோனிக்கின் வாய்வழிப் பாக்டீரியா எண்ணும் கருவி பிறந்தது. நாக்கைப் பஞ்சால் துடைத்து, அதை நீரில் முக்கி, கருவியில் வைத்தால் ஒரு நிமிட அளவில் எண்ணிக்கை தெரிந்துவிடும். படுக்கையில் கிடக்கும் முதியவர்களின் வாயில் பெருகும் கிருமிகள் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கும் நாட்டில் இது சிறிய உதவி அன்று. ஆய்வேடுகளின் புகழைவிட இப்படிப் பல் மருத்துவர் மேசையில் ஓசையின்றி உட்கார்ந்திருக்கும் கருவியை நான் உயர்வாக மதிக்கிறேன்.

இதுவரை சொன்னவை எல்லாம் உலோக மின்வாயை நம்பியவை. உலோகத்துக்குத் தொல்லைகள் உண்டு: அழுக்கு ஒட்டும், அரிக்கும், அச்சிடச் செலவாகும். சில்லின் தரையில் மட்டுமே பிடி இருக்கும். மேலே மிதந்து போகும் செல்லுக்குப் புலம் எட்டாது. மாற்று வழியின் விதை டோக்கியோவில் கிடந்தது. செனிச்சி மசுதாவும் மசாவோ வஷிஸுவும் 1980-களில் செல்களை ஒன்றோடொன்று இணைப்பதற்காக, மின்காப்புச் சுவரில் ஒரு சிறு துளையிட்டு அதன் வழியே புலத்தை நெருக்கினார்கள். உலோகத்தைக் கூர்மையாக்கத் தேவையில்லை, புலம் போகும் பாதையைக் குறுக்கினாலே அது அடர்ந்துவிடும்.

2001-ல் அமெரிக்காவில் அஞ்சல் உறைகளில் ஆந்த்ராக்ஸ் வித்துகள் அனுப்பப்பட்டு ஐந்து பேர் உயிரிழந்தனர். காற்றிலும் நீரிலும் பாக்டீரியாவை விரைவாகக் கண்டறிவது அந்நாட்டு ஆய்வகங்களுக்கு அவசர வேலையாயிற்று. கலிஃபோர்னியாவின் லிவர்மோரில் உள்ள சாண்டியா தேசிய ஆய்வகத்தில் எரிக் கம்மிங்ஸும் அனூப் சிங்கும் 2003-ல் கண்ணாடி ஓடைக்குள் வரிசை வரிசையாகக் கண்ணாடித் தூண்களை நிறுத்தி, ஓடையின் இரு கோடிகளிலும் மின்வாய் வைத்து நேர்திசை மின்னழுத்தம் கொடுத்தார்கள். தூண்களுக்கு நடுவிலுள்ள இடுக்குகளில் புலம் நெருங்கி அடர்ந்தது. மறு ஆண்டு அதே ஆய்வகத்தின் பிளாங்கா லாபிஸ்கோ-என்சினாஸ் இதே அமைப்பில் பாக்டீரியாவைப் பிடித்தார். ஈ.கோலையோடு மூன்று பாசில்லஸ் இனங்களையும் எடுத்துக்கொண்டார்; அவற்றில் ஒன்றான பாசில்லஸ் செரியஸ், ஆந்த்ராக்ஸ் கிருமிக்கு நெருங்கிய உறவு.

2004-ல் வெளிவந்த அவருடைய கட்டுரையின் படம் மறக்க முடியாதது. சுமார் 10 மைக்ரோமீட்டர் ஆழமே உள்ள ஓடை. வட்டத் தூண்கள் இருண்டு நிற்கின்றன. உயிருள்ள ஈ.கோலை பச்சையாகவும் இறந்தவை சிவப்பாகவும் ஒளிரும்படி சாயமேற்றியிருக்கிறார்கள். மின்னழுத்தம் ஏறியதும் தூண்களின் இடுக்கில் பச்சைக்கு ஒரு பட்டை, சிவப்புக்கு வேறொரு பட்டை எனத் தனித்தனியாக நிற்கின்றன. சில்லுக்குள் உலோகமே இல்லை. நீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. பாக்டீரியா மட்டும் தூணோரம் அப்படியே நிற்கிறது. பிளாஸ்டிக்கிலும் இதே அமைப்பை வார்க்கலாம் என்பதால் உலகெங்கும் ஆய்வகங்கள் இதைப் பற்றிக்கொண்டன.

ஆனால் கணக்கு உதைத்தது. டைஎலெக்ட்ரோபோரெசிஸ் விசையை மட்டும் வைத்துக் கணினியில் கணக்கிட்டால், சோதனையில் பாக்டீரியா நிற்கும் மின்னழுத்தத்தில் அது நிற்கக் கூடாது. ஓட்டத்தோடு போய்விட வேண்டும். கணக்கையும் சோதனையையும் ஒட்டவைக்க ஆய்வாளர்கள் திருத்தக் காரணி ஒன்றைச் சேர்த்தார்கள். சில வேளை அது நூறு மடங்கைத் தாண்டியது. ஒரு கணக்கு நூறு மடங்கு ஒட்டுப்போட்டால்தான் நிற்கும் என்றால் அதில் ஏதோ ஒரு விசை விடுபட்டிருக்கிறது என்றே பொருள். பல ஆண்டுகள் அந்த ஒட்டோடுதான் வண்டி ஓடியது.

2019, 2020 ஆண்டுகளில் மெக்சிகோவின் மான்டெர்ரே தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த விக்டர் பெரெஸ்-கொன்சாலெஸ் குழுவும், நியூயார்க் மாநிலத்தின் ரோச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்துக்கு இடம் மாறியிருந்த லாபிஸ்கோ-என்சினாஸ் குழுவும் இந்த முடிச்சை அவிழ்த்தன. அவர்கள் செய்தது: தூண்களை எடுத்துவிட்டார்கள். தூணே இல்லாத நேரான ஓடையில் புலம் சீரானது. அங்கே டைஎலெக்ட்ரோபோரெசிஸுக்கு வேலையே இல்லை. அப்படியிருந்தும் மின்னழுத்தத்தைக் கூட்டக் கூட்டத் துகள்கள் வேகம் குறைந்து, நின்று, திரும்பி ஓடத் தொடங்கின.

இங்கேதான் ரியூஸின் இரட்டை நகர்வு திரும்பி வருகிறது. ஓடைச் சுவரின் மின்னூட்டத்தால் நீர் எதிர்முனையை நோக்கி ஓடுகிறது. பாக்டீரியா தன் மின்னூட்டத்தால் நேர்முனையை நோக்கி நீந்தப் பார்க்கிறது. சாதாரண புலத்தில் நீரின் வேகமே வெல்லும். புலம் மிக அடர்ந்தால், துகளின் நகர்வு புலத்துக்கு நேர்விகிதத்தில் ஏறுவதை விட்டு, புலத்தின் மும்மடி வரையிலான வேகத்தில் ஏறத் தொடங்குகிறது. நேரியலற்ற இந்த நகர்வைப் பற்றிச் சோவியத் காலத்துக் கீவ் நகரில் ஸ்டானிஸ்லாவ் டுகின் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கோட்பாடாக எழுதியிருந்தார். மின்புலச் சில்லு செய்தவர்கள் அதைக் கணக்கில் கொள்ளவில்லை. தூண்களின் இடுக்கில் புலம் அடரும்போது இந்த எதிர்நீச்சல் நீரோட்டத்துக்குச் சமமாகிறது. பாக்டீரியா அந்த இடத்தில் நின்றுவிடுகிறது. நேர்திசை மின்னோட்டத் தூண் சில்லுகளில் பிடித்து வைத்த முதன்மை விசை, பெயரில் இருந்த விசை அன்று என்று ஆயிற்று.

2004-ல் அந்தக் கட்டுரைக்கு முதல் ஆசிரியராக இருந்தவரே, தம் துறை முழுதும் ஒப்புக்கொண்டிருந்த விளக்கத்தைத் திருத்தும் வேலையிலும் முன் நின்றார். இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். படம் பொய்க்கவில்லை, பச்சையும் சிவப்பும் பிரிந்தே நின்றன. காரணம்தான் மாறியது. மாறுதிசை மின்னோட்டத்தில் வேலை செய்யும் பாங்கர் வகை மின்வாய்களுக்கு இந்தத் திருத்தம் பொருந்தாது. அங்கே போஹ்லின் விசையே ஆள்கிறது. தூண் சில்லிலும் எந்த இடத்தில் பாக்டீரியா நிற்கும் என்பதை முடிவு செய்வது இடுக்கின் வடிவம்தான். ஓரிடத்தில் பிடித்து நிறுத்தப் புலத்தின் ஏற்றத்தாழ்வு வேண்டும் என்பது 1951-ல் எவ்வளவு உண்மையோ இன்றும் அவ்வளவு உண்மை. காரணம் சரியாகத் தெரிந்ததில் நடைமுறைப் பயனும் உண்டு: மேற்பரப்பு மின்னூட்டத்தில் சிறிதே வேறுபடும் இரு பாக்டீரியா இனங்களைக்கூட இனி அந்த எதிர்நீச்சல் வேகத்தை வைத்துப் பிரிக்கத் திட்டமிடலாம்.

இத்தனைக்குப் பிறகும் மருத்துவமனையில் இந்தச் சில்லு ஏன் இல்லை என்று கேட்கத் தோன்றும். தொற்று முற்றி உடல் முழுதையும் தாக்கும் செப்சிஸ் வந்த நோயாளியை எடுத்துக்கொள்வோம். ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் சில நூறு கோடிச் சிவப்பணுக்கள் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே பாக்டீரியா ஒன்றிலிருந்து நூறு வரை இருந்தாலே அதிகம். ஒரு சொட்டை மட்டும் சோதித்தால் அதில் ஒன்றுகூட இல்லாமல் போகலாம். பல மில்லிலிட்டர் இரத்தத்தை அலச வேண்டும். நிமிடத்துக்கு ஒரு மைக்ரோலிட்டர் ஓடும் சில்லில் ஒரு மில்லிலிட்டரை ஓட்டி முடிக்க 1000 நிமிடம், அதாவது பதினாறு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். அதற்குள், இரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் பிளட் கல்ச்சரே பேசத் தொடங்கிவிடலாம். ஓட்டத்தைக் கூட்டினால் பிடி நழுவுகிறது. பிடியை இறுக்க மின்னழுத்தத்தைக் கூட்டினால், உப்பு மிகுந்த இரத்தம் சூடேறுகிறது. சர்க்கரைக் கரைசல் ஊற்றி உப்பைக் குறைத்தால், அலச வேண்டிய அளவு பல மடங்கு பெருகுகிறது.

ஆகவே இன்றைய முயற்சிகள் வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. சுழலியோ, வளைந்த ஓடையின் திரவ விசையோ முதலில் பெரிய இரத்த அணுக்களை ஒதுக்கித் தள்ளும். சிலர் சிவப்பணுக்களை மட்டும் உடைக்கும் வேதிப்பொருளைச் சேர்க்கிறார்கள். எஞ்சிய சிறு அளவுத் திரவத்தில்தான் மின்புலம் தன் வேலையைத் தொடங்கும். சில ஆய்வகங்கள் மின்வாயைத் தரையிலிருந்து எழுப்பி, ஓடையின் முழு உயரத்துக்கும் நிற்கும் கரிமத் தூண்களாகச் செய்கின்றன; அப்போது மேலே மிதந்து போகும் செல்லும் தப்பாது, அகலமான ஓடையில் வேகமாகவும் ஓட்டலாம். பிடித்த பாக்டீரியாவைச் சில்லுக்குள்ளேயே மருந்தில் நனைத்து, சவ்வு உடைந்து அதன் நகர்வு மாறுகிறதா என்று பார்த்து, எந்த ஆன்டிபயாடிக் வேலை செய்யும் என்று சில மணி நேரத்தில் சொல்லிவிடும் முயற்சியும் நடக்கிறது. உயிரும் சாவும் மின்புலத்தில் வேறுபட்டு நகரும் என்று போஹ்லும் ஹாக்கும் ஈஸ்ட்டில் கண்டதுதான் அதற்கும் அடிப்படை.

மின்புலத்தின் ஏற்றத்தாழ்வு துகளை இழுக்கும் என்றால், ஒளியும் மின்புலம்தானே? குவிந்த லேசர்க் கற்றையின் நடுவே புலம் அடர்ந்தும் விளிம்பில் தளர்ந்தும் இருக்கிறது. 1987-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஆர்தர் ஆஷ்கின் அந்தக் கற்றையால் பாக்டீரியாவைப் பிடித்தார். பச்சை லேசரில் அவை செத்தன, அகச்சிவப்பில் பிழைத்துப் பெருகின. அடுத்த பகுதி அவரைப் பற்றியது.